மேல் உருளை உள்ள டாங்கியும் இல்லாத டாங்கியும்: சங்கிலிப்பட்டையைத் தாங்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

இந்தியத் தரைப்படை வெவ்வேறு காலங்களில் பயன்படுத்திய டி-55, டி-72 ஆகிய இரண்டு டாங்கிகளின் பக்கவாட்டுப் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோபுரத்தையும் பீரங்கிக் குழலையும்தான் ஒப்பிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது சக்கரங்களுக்கு மேலே உள்ள இடத்தை. டி-55இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள் உள்ளன. சங்கிலிப்பட்டை தரையை விட்டு எழுந்து, பின்பக்கப் பல்சக்கரத்தை (பட்டையை இழுத்து ஓட்டும், பற்கள் கொண்ட உந்துசக்கரத்தை)ச் சுற்றி முன்னால் திரும்பும் வழியில் அந்தச் சக்கரங்களின் தலைமீதே படுத்தபடி செல்கிறது. டி-72இல் பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். அவற்றுக்கு மேலே, உடற்கூட்டின் சுவரில் பொருத்தப்பட்ட மூன்று சிறிய உருளைகள் பட்டையை ஏந்திக்கொள்கின்றன. சோவியத் ஒன்றியம் என்ற ஒரே நாட்டில், இருபது ஆண்டுகளுக்குள் உருவான இரண்டு வடிவமைப்புகள் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்கின்றன.

ஏரி தூர்வாரவும் மனைகளைச் சமன்படுத்தவும் ஊருக்குள் வரும் பொக்லைன் இயந்திரத்தைக் கவனித்தவர்களுக்கு இந்த உருளை புதிதல்ல. அதை ஓட்டுபவர்கள் ‘டாப் ரோலர்’ என்பார்கள். நடந்து செல்பவரின் வேகத்தைச் சற்றே தாண்டும் அந்த இயந்திரத்தில் பக்கத்துக்கு ஓரிரண்டு உருளைகள் போதும், அவற்றைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதும் இல்லை. நாற்பது டன் எடையுள்ள கவச வாகனம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மேடுபள்ளத்தில் ஓடும்போதோ, பட்டையின் மேற்பகுதியை எது தாங்குகிறது என்ற கேள்வி, அந்த வாகனம் எத்தனை சக்கரங்களில் நிற்கும், அந்தச் சக்கரங்கள் எவ்வளவு உயரம் எழும்பலாம், பட்டை கழன்று விழாமல் எவ்வளவு தூரம் ஓடும் என்பவற்றோடெல்லாம் பின்னிக்கிடக்கிறது. உருளைகளை வெறும் துணைப்பாகமாக எண்ணி, அவற்றின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு டாங்கியை மேம்பட்டதென்றோ பின்தங்கியதென்றோ சொல்லிவிடும் வழக்கம் தவறானது என்பதே என் கருத்து. அந்த எண்ணிக்கை காரணமல்ல, விளைவு.

மேல் ஓட்டம் ஏன் தொல்லை தருகிறது

பட்டையின் கீழ் ஓட்டம் தரைக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் நசுங்கி அடங்கிக் கிடக்கும். மேல் ஓட்டத்துக்கு அப்படி ஒரு பிடி கிடையாது. இரு முனைகளில் கட்டிய துணி உலர்த்தும் கொடி நடுவில் தொய்வதைப் போல, பல்சக்கரத்துக்கும், மறுமுனையில் பட்டையைத் திருப்பிவிடும் சக்கரமான ஐட்லருக்கும் இடையில் அது தன் எடையால் தொய்கிறது. தொய்வைக் குறைக்க இழுவிசையைக் கூட்டவேண்டும். எவ்வளவு கூட்டவேண்டும் என்பது இடைவெளி நீளத்தின் இருமடியைப் பொறுத்தது. கணக்குக்காக, ஒரு மீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள பட்டை நான்கு மீட்டர் இடைவெளியில் தாங்கலே இல்லாமல் தொங்குவதாகக் கொள்வோம். நடுவில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் தொய்யக்கூடாது என்றால் அதை ஏறத்தாழ 2,000 கிலோ விசையில் இழுத்துப் பிடிக்கவேண்டும். அதே நீளத்தை மூன்று உருளைகளால் ஒவ்வொரு மீட்டராகப் பிரித்துவிட்டால், 500 கிலோ இழுவிசையிலேயே ஒவ்வொரு துண்டின் தொய்வும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இழுவிசை கால்பங்கு, தொய்வும் கால்பங்கு.

இழுவிசையைக் கூட்டிக்கொண்டே போவதற்கு விலை உண்டு. ஐட்லரின் தாங்கிகள் (பேரிங்குகள்), பல்சக்கரத்தின் பற்கள், கண்ணிகளை இணைக்கும் பின்கள் அனைத்தும் அந்த விசையை ஓயாமல் சுமக்கின்றன. எஞ்சின் திறனில் ஒரு பகுதி வண்டியை நகர்த்தாமல் உராய்வாக வீணாகிறது. இழுவிசையைக் குறைத்தால் பட்டை அலைபாயும். அலைபாயும் பட்டை சக்கர மூடியில் அடிக்கும், சக்கரங்களின் நடுவே ஓடவேண்டிய அதன் வழிகாட்டிக் கொம்புகள் இடம் தவறும், சரிவில் திரும்பும்போது பல்சக்கரத்திலிருந்து நழுவும். போர்க்களத்தில் பட்டை கழன்ற டாங்கி எதிரியின் கண்ணெதிரே நிற்கும் இரும்புக் கூடு மட்டுமே. உள்ளே மூன்று அல்லது நான்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்தச் சிறு பாகங்களை அலட்சியமாகப் பார்க்கமுடியாது.

உந்துசக்கரம் எந்த முனையில் உள்ளது என்பதும் இதில் சேரும். பல்சக்கரம் பின்னால் இருந்தால், முன்னோக்கிச் செல்லும்போது அது தரையிலிருந்துதான் பட்டையை இழுக்கிறது. ஆகவே இறுக்கம் கீழ்ப்பின் பகுதியில் விழ, மேல் ஓட்டம் தளர்ந்த பக்கமாகிறது. பல்சக்கரம் முன்னால் இருந்தால் மேல் ஓட்டமே இழுபடும் பக்கம். எஞ்சின் இழுக்கும் வரையில் அது நிமிர்ந்து நிற்கும், பிரேக் பிடிக்கும்போதுதான் தளரும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதில் விளங்கும்.

உருளையே வேண்டாம் என்ற வழி

அமெரிக்கப் பொறியாளர் வால்டர் கிறிஸ்டி 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் உருவாக்கிய வாகனங்களில், பெரிய விட்டமுள்ள சக்கரங்கள் நீண்ட சுருள்வில்களில் தனித்தனியாகத் தொங்கின. மேல் ஓட்டம் அவற்றின் மேலேயே படிந்து சென்றது. சோவியத் ஒன்றியம் அதை வாங்கி பி.டி. (BT) வகை டாங்கிகளாக்கியது. அந்த வரிசையில் வந்த டி-34 உலகப்போரில் புகழ்பெற்றது. பிரிட்டனும் 1936இல் ஒரு கிறிஸ்டி வாகனத்தை வாங்கித் குரூசர் எனப்பட்ட தன் வேக டாங்கிகளுக்கு அடிப்படையாக்கிக்கொண்டது.

இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. உடற்கூட்டிலிருந்து பார்த்தால், சக்கரத்தின் அடிப்பகுதி பட்டையின் கீழ் ஓட்டத்தோடு பின்னோக்கி நகர்கிறது. சக்கரத்தின் மேற்பகுதி அதே வேகத்தில் முன்னோக்கி நகர்கிறது. மேல் ஓட்டமும் அதே வேகத்தில் முன்னோக்கித்தான் போகிறது. ஆகவே பட்டை சக்கரத்தின் தலையில் படியும்போது அங்கே சறுக்கலோ தேய்ப்போ கிடையாது. ஒரே சக்கரம் கீழே வண்டியின் எடையையும் மேலே பட்டையின் எடையையும் சுமக்கிறது. தனியாக ஒரு தாங்கியோ கிரீஸ் முனையோ உடற்கூட்டில் துளையோ தேவைப்படவில்லை. பாகம் இல்லாத இடத்தில் பழுதும் இல்லை. பெரிய சக்கரம் குறைவான சுற்றுகளே சுற்றுவதால் அதன் ரப்பர் விளிம்பு குறைவாகச் சூடாகிறது என்பது கூடுதல் ஆதாயம்: 810 மில்லிமீட்டர் விட்டமுள்ள டி-55 சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 390 முறை சுற்றும், 500 மில்லிமீட்டரை ஒட்டிய ஷெர்மன் சக்கரம் அதே தூரத்துக்கு 600 முறைக்கு மேல் சுற்றவேண்டும்.

டி-34இன் பட்டைப் பின்கள் இதே எளிமையின் இன்னொரு முகம். அவற்றின் தலைகள் உட்பக்கம் மட்டுமே இருந்தன. பின்கள் வெளியே நகர விடாமல் தலை தடுத்தது, உள்நோக்கி நகர்ந்து வந்தால் உடற்கூட்டின் பின்பகுதியில் பற்றவைக்கப்பட்ட ஒரு வளைந்த தகடு ஒவ்வொரு சுற்றிலும் அவற்றை மீண்டும் தம் இடத்துக்கே தள்ளிவிட்டது. ஓசை மிகுதிதான், ஆனால் லட்சக்கணக்கான கண்ணிகளைத் தொழிற்சாலையில் பொருத்தியவர்களின் வேலை குறைந்தது.

இந்த வழியின் குறை, சக்கரம் இரண்டு வேலைகளைச் செய்வதிலேயே ஒளிந்திருக்கிறது. கல்லில் ஏறிய சக்கரம் மேலெழும்போது பட்டையின் மேல் ஓட்டத்தையும் தூக்கி எறிகிறது. கீழிறங்கும்போது அதைக் கைவிடுகிறது. மெதுவாகச் செல்லும்போது இது பொருட்டல்ல. வேகம் கூடக் கூட, ஐந்து சக்கரங்கள் ஐந்து இடங்களில் பட்டையைக் குத்திக்கொண்டிருக்க, மேல் ஓட்டம் முழுவதும் அலையாகத் துடிக்கத் தொடங்குகிறது. அந்த அலையை நிறுத்த அசையாத புள்ளி எதுவும் அங்கே இல்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று பிரிட்டனின் கிராம்வெல். 28 டன் எடையுள்ள, உருளையில்லாத கிறிஸ்டி வகை டாங்கியான அது முதலில் மணிக்கு 64 கிலோமீட்டர் வரை ஓடியது. ஓடும் பாகங்கள் தாங்கவில்லை என்பதால் இறுதிப் பற்சக்கர விகிதத்தை மாற்றி வேகத்தை ஏறத்தாழ 51 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அடுத்து, அதன் வழியிலேயே உருவான 33 டன் காமெட் டாங்கியில் அதே வகை ஐந்து சக்கரங்களைத் தக்கவைத்துக்கொண்டு மேலே நான்கு உருளைகளைச் சேர்த்தார்கள். கிறிஸ்டியின் அமைப்பை ஏறத்தாழ பத்தாண்டுகள் ஓட்டிப் பார்த்தவர்களின் தீர்ப்பு அது. மேசையில் உட்கார்ந்து எழுதப்பட்டதல்ல.

சறுக்குத் தகடு: மறக்கப்பட்ட மூன்றாவது வழி

உருளையா சக்கரமா என்ற விவாதத்தில், இரண்டுமே இல்லாத ஒரு முறை பேசப்படுவதில்லை. 1916 செப்டம்பரில் சோம் போர்முனையில் இறங்கிய பிரிட்டனின் முதல் டாங்கிகளில் பட்டை உடற்கூட்டின் உச்சியைச் சுற்றியே ஓடியது. மேலே அது இரும்புத் தண்டவாளங்களின்மேல் உரசிக்கொண்டு நகர்ந்தது. மனிதன் நடக்கும் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த மரபைத் தொடர்ந்த சர்ச்சில் டாங்கி, பக்கத்துக்குப் பதினொரு சிறு சக்கரங்களில் நின்று, மேல் ஓட்டத்தை மீண்டும் சறுக்குத் தகடுகளின்மேல் அனுப்பியது. மடில்டா டாங்கியில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது: தொடக்கத்தில் அதற்கு உருளைகள் இருந்தன, பின்னர் வந்த வண்டிகளில் அவற்றை எடுத்துவிட்டுச் சறுக்குத் தகடுகளை வைத்தார்கள், ஏனெனில் அவற்றைச் செய்வதும் பராமரிப்பதும் எளிது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத காலாட்படைத் துணை டாங்கிக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சுழலும் பாகமே இல்லாததால் சேறு அடைத்துக்கொண்டாலும் நின்றுபோக எதுவும் இல்லை. உராய்வும் தேய்மானமும் ஓசையும் வேகத்தோடு பெருகும் என்பதால், வேகமான டாங்கிக்கு மட்டும் இது உதவாது.

அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி உருளையையும் சறுக்குத் தகட்டையும் கலந்தது. தொடக்க வண்டிகளில், இரட்டைச் சக்கரத் தொகுதி ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு உருளை அமர்ந்திருந்தது. கூடுதல் எடையைத் தாங்கக்கூடிய வலுவான வில்களுக்கு இடம் தேவைப்பட்டபோது, உருளையை அங்கிருந்து எடுத்துத் தொகுதியின் பின்பக்கமாக நீண்ட ஒரு கையில் பொருத்தி, காலியான உச்சியில் சறுக்குத் தகடு ஒன்றை வைத்தார்கள். அப்போது உருளை சற்றுத் தாழ்ந்துபோக, பட்டை தகட்டின்மேல் அளவுக்கு மீறி உரசியது. பின்னர் உருளையின் அடியில் ஆப்புத் துண்டு வைத்தும், கையையே மேல்நோக்கி வளைத்தும் அதை உயர்த்தினார்கள். ஒரு சிறிய உருளையின் இருப்பிடத்தைச் சரிசெய்ய இத்தனை திருத்தங்கள். 1944இல் வந்த கிடைமட்ட வில் அமைப்பில் உருளைகள் தொகுதியை விட்டே பிரிந்து நேரடியாக உடற்கூட்டில் பொருத்தப்பட்டன. பட்டையும் 42 சென்டிமீட்டரிலிருந்து 58 சென்டிமீட்டருக்கு அகன்றது. சக்கரம் குலுங்கும்போது உருளையும் சேர்ந்து குலுங்கக்கூடாது என்ற எளிய உண்மை அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டதாக இதைப் படிக்கலாம்.

ஜெர்மானியரின் டைகரும் பான்தரும் உருளையில்லாத முகாமைச் சேர்ந்தவைதான், ஆனால் வேறு காரணத்துக்காக. 800 மில்லிமீட்டருக்குக் குறையாத பெரிய சக்கரங்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து அடுக்கியதால் டைகரில் பக்கத்துக்கு எட்டு அச்சுகளில் 24 சக்கரங்கள் இருந்தன. எடை மிகச் சீராகப் பரவியது, மேல் ஓட்டத்துக்குத் தொடர்ச்சியான மெத்தையும் கிடைத்தது. உள்வரிசையில் ஒரு சக்கரம் பழுதானால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்றவேண்டியிருந்ததும், ருஷ்யப் பனியில் சேறு இடையிடையே உறைந்து சக்கரங்களைப் பூட்டியதும் அதன் விலை. போருக்குப் பின் எந்த நாடும் அந்த வழியில் டாங்கிகளைப் பெருமளவில் கட்டவில்லை.

எடை கூடியபோது நடந்தது

பெரிய சக்கரமும் மேல் உருளையும் நேருக்கு நேர் மோதும் இடம், சக்கரங்களின் எண்ணிக்கை. இதைச் சிறு கணக்கொன்றில் பார்க்கலாம். டி-55இன் பட்டை தரையைத் தொடும் நீளம் சுமார் 3.84 மீட்டர். ஐந்து சக்கரங்களுக்கு நடுவில் நான்கு இடைவெளிகள். சராசரியாக ஒன்று 96 சென்டிமீட்டர். 81 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் தாராளமாக அமர்கிறது. அதே நீளத்தில் ஆறாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வோர் இடைவெளியும் 77 சென்டிமீட்டருக்குச் சுருங்கும். பழைய சக்கரம் நுழையாது. ஆகவே வண்டியின் எடை ஏறி, அதைப் பரப்ப மேலும் ஒரு சக்கரம் தேவைப்படும்போது, வடிவமைப்பாளர் வண்டியை நீட்டவேண்டும், அல்லது சக்கரத்தைச் சிறிதாக்கவேண்டும். வண்டியை அளவுக்கு மீறி நீட்டினால் அது திரும்ப மறுக்கும். எனவே நடைமுறையில் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் சிறிதாக்குகிறார்கள். சக்கரம் சிறிதானவுடன் அதன் தலை, பல்சக்கரத்தையும் ஐட்லரையும் இணைக்கும் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. மேல் ஓட்டத்துக்குப் படுக்க இடமில்லை. அங்கேதான் உருளை வருகிறது.

41 டன் டி-72 தரையைத் தொடும் நீளம் சுமார் 4.27 மீட்டர், ஆறு சக்கரங்கள், 750 மில்லிமீட்டர் விட்டம், மூன்று உருளைகள். அதைவிட மிகக் கனமான ஜெர்மனியின் லெப்பர்ட் 2, ஏறத்தாழ 4.95 மீட்டரில் ஏழு சக்கரங்களை நிறுத்துகிறது. அவற்றின் விட்டம் 700 மில்லிமீட்டர், மேலே நான்கு உருளைகள். இந்த மாற்றம் ஒரு நாட்டின் பாணியல்ல என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஜப்பானின் 38 டன் வகை-74 டாங்கி ஐந்து பெரிய சக்கரங்களோடு உருளையில்லாமல் ஓடியது. அடுத்து வந்த 50 டன் வகை-90 ஆறு சக்கரங்களுக்கும் மேல் உருளைகளுக்கும் மாறியது. டி-55இன் முன்னோடியான டி-54ஐப் பின்பற்றிய சீனாவின் வகை-59க்கு உருளை இல்லை; வகை-80 வந்தபோது ஆறு சிறிய சக்கரங்களும் மூன்று உருளைகளும் வந்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று சொல்லிவிடலாம். எடை அவர்கள் எல்லோரையும் ஒரே இடத்துக்குத் தள்ளியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எடை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பிரான்சின் ஏஎம்எக்ஸ்-30, டி-55ஐப் போலவே 36 டன், டி-55ஐப் போலவே ஐந்து சக்கரங்கள்; ஆனாலும் மேலே ஐந்து சிறு உருளைகள். டி-55இன் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், ஏஎம்எக்ஸ்-30க்கு 65. மேல் ஓட்டத்தை நேர்க்கோட்டில் பிடித்து வைத்தால், சக்கரத்துக்கும் பட்டைக்கும் இடையில் காலியிடம் கிடைக்கிறது. சக்கரம் பட்டையைத் தொடாமல் மேலெழ முடிகிறது. ஒவ்வொரு உருளையும் அலையை வெட்டும் அசையாத புள்ளியாகிறது. இடைவெளி குறுகக் குறுக, பட்டை துடிக்கும் அதிர்வெண் மேலே போய், சாதாரண ஓட்டத்தில் அது கிளறப்படாமல் இருக்கிறது. வேகமும் நீண்ட வில் அசைவும் வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் எடை குறைவாக இருந்தாலும் உருளையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

மூன்று, நான்கு, ஐந்து

உருளையை ஏற்றுக்கொண்ட பிறகும் எத்தனை என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஒரே காலகட்டத்தின் மூன்று சோவியத் டாங்கிகள் இதற்கு மூன்று விடை தந்தன என்பதால், அவற்றை அருகருகே வைப்பது பயனுள்ளது.

டி-64இல் ஆறு மிகச் சிறிய சக்கரங்கள், சுமார் 555 மில்லிமீட்டர். விளிம்பில் ரப்பர் இல்லை, ரப்பர் வளையம் சக்கரத்தின் உள்ளே அதிர்வு தாங்கியாக இருந்தது. மேலே நான்கு உருளைகள். எடையைக் குறைப்பதே இதன் நோக்கம். அதில் அது வென்றது. இரும்பு விளிம்பு இரும்புப் பட்டையில் நேரடியாக ஓடியதால் ஓசையும் அதிர்வும் மிகுந்தன. கிலோமீட்டருக்கு 570க்கு மேற்பட்ட சுற்றுகள் தாங்கிகளுக்கும் சுமையாயின. நிஸ்னி தாகில் நகரத் தொழிற்சாலை, டி-64ஐ அடியொற்றி டி-72ஐ உருவாக்கியபோது இந்த ஓடுபாகங்களைக் கைவிட்டு, ரப்பர் விளிம்புள்ள பெரிய சக்கரங்களுக்குத் திரும்பியது. சக்கரம் பெரிதானதால் மேல் ஓட்டத்தின் தொய்வைச் சமாளிக்க மூன்று உருளைகளே போதுமாயின. எரிவாயுச் சுழலி எஞ்சினோடு மணிக்கு 70 கிலோமீட்டரை எட்டிய டி-80, 670 மில்லிமீட்டர் சக்கரங்களையும் ஐந்து உருளைகளையும் கொண்டது. அதன் பட்டையின் உட்பரப்பிலும் ரப்பர் பூசப்பட்டிருந்தது. சக்கரம் சிறிதாகவும் வேகம் பெரிதாகவும் ஆகும்போது உருளைகள் பெருகுகின்றன என்பதை மூன்றும் சேர்ந்து காட்டுகின்றன. மூன்றில் எது சிறந்த சமரசம் என்று கேட்டால் டி-72 என்பேன். வசதியில் டி-80 மேலானது. ஆனால் பக்கத்துக்கு இரண்டு தாங்கிகளும் இரண்டு அடைப்பு வளையங்களும் குறைவு என்பது, ஆயிரக்கணக்கில் செய்து, அனுபவம் குறைந்த பணிக்குழுக்களிடம் ஒப்படைக்கப்படும் வண்டிக்குச் சிறிய விஷயம் அல்ல.

இன்னொரு நுணுக்கம்: டி-72இன் உருளை ஒற்றை உருளை. அது பட்டையின் உட்பாதியை மட்டும் தாங்குகிறது. வழிகாட்டிக் கொம்புக்கு வெளியே உள்ள பாதி தானே நிற்கவேண்டியதுதான். அமெரிக்காவின் ஆப்ரம்ஸ் போன்றவற்றில் உருளை இரட்டையாக இருந்து, கொம்பு நடுவில் ஓடுகிறது. பட்டை சாயாமல் இருப்பதோடு, உருளையே பக்கவாட்டு வழிகாட்டியாகவும் உதவுகிறது. இரட்டை உருளைக்கு எடையும் அகலமும் கூடுதல். ஆப்ரம்ஸ் பக்கத்துக்கு இரண்டே உருளைகளோடு நிற்க முடிவதை, ரப்பர் புஷ் (பின்னைச் சுற்றிய ரப்பர் உறை) இட்ட பட்டையையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தால்தான் புரிந்துகொள்ளமுடியும். வெறும் பின்களில் இணைந்த கண்ணிகள் சங்கிலியைப் போல் தளர்ந்து தொங்கும். ரப்பர் புஷ்ஷோடு முன்முறுக்கு ஏற்றி இணைத்தவையோ உள்நோக்கி வளைய முயன்றபடி, ஓரளவு தம்மைத் தாமே தாங்கும். அமெரிக்கர்கள் இந்த எண்ணிக்கையைக் குறைத்த வரலாறு நீண்டது: பெர்ஷிங்கில் ஐந்து, எம்47இலும் எம்60இலும் மூன்று, ஆப்ரம்ஸில் இரண்டு. போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் வேறு காரணத்துக்காகவும் குறைத்திருக்கிறார்கள். பான்சர் 4 டாங்கியின் நான்கு உருளைகளில் ரப்பர் தட்டுப்பாட்டால் முதலில் ரப்பர் விளிம்பு போனது, கடைசி வகையில் ஒரு உருளையே போனது. அது வடிவமைப்பின் முன்னேற்றமல்ல, தொழிற்சாலையின் நெருக்கடி.

பணிக்குழுவின் பக்கத்திலிருந்து

ஒரு உருளை பழுதாவது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால், அதை வேண்டாமென்றவர்களின் நியாயமும் புரியும். அடைப்பு வளையம் கிழிந்து தூசி உள்ளே போகிறது, கிரீஸ் வெளியேறுகிறது, தாங்கி சூடாகிறது. ஓட்டத்தை நிறுத்தியவுடன் ஒவ்வொரு சக்கரத்தின் குடத்தையும் உருளையின் குடத்தையும் கையால் தொட்டு, எது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது என்று பார்ப்பது பணிக்குழுவின் பழைய பழக்கம். கருவி எதுவும் தேவைப்படாத நல்ல சோதனை அது. தாங்கி இறுகினாலோ, உருளைக்கும் உடற்கூட்டுக்கும் இடையில் களிமண் அடைத்துக்கொண்டாலோ, உருளை சுழலாமல் நின்றுவிடும். பட்டையோ ஓடிக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் உருளையின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துபோகும். ரப்பர் பிய்ந்து, உலோகம் உலோகத்தை அறுக்கும். கண்ணிவெடியிலோ பாறையிலோ மோதி உருளையின் அச்சு வளைந்தால், பட்டையை ஒரு பக்கமாகத் தள்ளி அதைக் கழற்றிவிடவும் கூடும். ஆனாலும் ஒரு உருளையை இழந்த டாங்கி, பட்டையைச் சற்று இறுக்கிக்கொண்டு பெரும்பாலும் பணிமனை வரை போய்ச் சேரும். உருளையில்லாத டாங்கியில் ஒரு சக்கரம் போனால், எடை தாங்கும் புள்ளி ஒன்றும் பட்டை தாங்கும் புள்ளி ஒன்றும் ஒரே நேரத்தில் போகின்றன.

இழுவிசையைச் சரிபார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. உருளையில்லாத வண்டியில் நடுச்சக்கரங்களின் தலைக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியே அளவுகோல். வெளியே நின்று பார்த்தாலே தெரியும். உருளையுள்ள வண்டியில் இரண்டு உருளைகளுக்கு நடுவில் உள்ள சிறிய தொய்வை அளக்கவேண்டும். பக்கக் கவசத் தகடுகள் அதை மறைத்திருந்தால் அவற்றைத் திறக்கவேண்டும். களைத்துப்போன பணிக்குழு இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாமல் இருப்பது ஒழுங்கைப் பொறுத்தது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1965இல் அங்கே உருவாகத் தொடங்கிய விஜயந்தா டாங்கிக்கு ஆறு சக்கரங்களும் மேல் உருளைகளும் இருந்தன; அதே காலத்தில் படையில் சேவையாற்றிய டி-55க்கு அவை இல்லை. இரண்டு வகை வண்டிகளையும் ஒரே படை பராமரிக்க, இரண்டு விதமான பழக்கங்களை இயந்திரவியல் பிரிவினர் கற்றிருக்கவேண்டும். பின்னர் ஆவடியிலேயே கட்டப்பட்ட டி-72, டி-90 இரண்டும் மூன்று உருளை முறையைச் சேர்ந்தவை. அர்ஜுன் ஏழு சக்கரங்களையும் எண்ணெய்-வாயு வில்களையும் கொண்டு, அதன் முதல் வடிவத்திலேயே 58 டன்னைத் தாண்டியது. அந்த எடையில் உருளையில்லாத வழி யாருக்கும் திறந்திருக்கவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, உருளையில்லாத முறை காலாவதியாகிவிட்டது என்று முடிவுகட்டினால் அது தவறாகும். உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் படைவீரர் ஊர்தியான எம்113, பக்கத்துக்கு ஐந்து 61 சென்டிமீட்டர் சக்கரங்களில், ஒரு உருளையும் இல்லாமல் மணிக்கு 64 கிலோமீட்டர் ஓடுகிறது. பிரிட்டனின் எட்டு டன் இலகு டாங்கியான ஸ்கார்ப்பியன் 80 கிலோமீட்டரைத் தொட்டது. அதற்கும் உருளை இல்லை. இரண்டிலும் பல்சக்கரம் முன்னால் இருக்கிறது, ஆகவே மேல் ஓட்டம் இழுபடும் பக்கம். வண்டி இலகுவானதால் பட்டையும் இலகு, அதே தொய்வுக்குக் குறைந்த இழுவிசை போதும். சக்கரங்கள் ஐந்துதான் என்பதால் வண்டியின் அளவுக்கு அவை பெரியனவாகவே இருக்கமுடிகிறது. கனமான டாங்கிகளை உருளைக்குத் தள்ளிய மூன்று காரணங்களும் இங்கே ஒருசேர இல்லாமல் போகின்றன. முன்பக்க உந்துசக்கரத்தோடு 18 டன்னுக்குக் குறைவாக இருந்தும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் விரட்டப்பட்ட அமெரிக்காவின் டாங்கி எதிர்ப்பு வண்டியான ஹெல்கேட் நான்கு உருளைகளை நாடியதையும் பார்த்தால், எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது ஓரளவு தெளிவாகிறது. பத்து, பன்னிரண்டு டன் எடையில் முன்பக்க உந்துதலோடு கட்டப்படும் வாகனத்துக்கு உருளையில்லாத பெரிய சக்கரங்களையே நான் தேர்ந்தெடுப்பேன். பின்பக்க உந்துதலும் நாற்பது டன்னும் சேர்ந்துவிட்டால் மூன்று உருளைகளுக்குக் குறைவாக ஒப்புக்கொள்ளமாட்டேன். முன்முறுக்கு ஏற்றிய ரப்பர் புஷ் பட்டை கிடைத்தால் மட்டும் இரண்டுக்கு இறங்குவேன்.